மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியேறியவருக்கு: முதலில் மருத்துவர், அப்புறம் காப்பீடு

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு வந்து, மவுண்ட் ஆல்பர்ட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "எந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாம்?" கேட்பதில் தப்பில்லை. நம் ஊரில் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் விசாரிப்பதே "இன்சூரன்ஸ் இருக்கா?" என்றுதான். ஆனால் நியூசிலாந்தில் அந்தக் கேள்வியின் முறை பிறகுதான் வரும். "உங்கள் விசா எத்தனை மாதத்துக்கு?" என்பது இங்கே முதல் கேள்வி. "எந்த டாக்டரிடம் பதிவு செய்திருக்கிறீர்கள்?" என்பது அடுத்தது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் பாலிசி வாங்குகிறவர்கள், அரசு ஏற்கெனவே தருவதற்குப் பணம் கட்டுகிறார்கள். அரசு தராததற்குக் காப்பு இல்லாமல் நிற்கிறார்கள்.

நியூசிலாந்தில் பொது மருத்துவம் வரிப்பணத்தில் நடக்கிறது. 1938இல் மைக்கேல் ஜோசப் சாவேஜ் தலைமையிலான தொழிற்கட்சி அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவமனை, மகப்பேறு, குடும்ப மருத்துவர் எல்லாமே இலவசம் என்பதுதான் அன்றைய நோக்கம். மருத்துவமனைகள் இலவசமாயின. குடும்ப மருத்துவர்களின் சங்கமோ தங்கள் கட்டணத்தைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இழுபறிக்குப் பிறகு 1941இல் ஒரு சமரசம் வந்தது: நோயாளி ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் அரசு ஏழரை ஷில்லிங் தரும், அதற்கு மேலுள்ளதை நோயாளி தருவார். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு காசும் கட்டாமல் வீடு திரும்புகிறவர், காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்க மட்டும் கார்டைத் தேய்க்க வேண்டியிருப்பது இதனால்தான். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சமரசத்தின் அடிப்படை மாறவில்லை.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் உள்ள பொது மருத்துவமனைகளை ஹெல்த் நியூசிலாந்து என்ற ஒரே அமைப்பு நடத்துகிறது. மாவோரியில் அதன் பெயர் டெ ஃபட்டு ஓரா. அதற்கு முன் இருந்த 20 மாவட்ட வாரியங்கள் கலைக்கப்பட்டன. மவுண்ட் ஆல்பர்ட்காரர்களுக்குப் பெரிய மருத்துவமனை, நகர மையத்தை ஒட்டிய கிராஃப்டனில் உள்ள ஆக்லாந்து சிட்டி ஹாஸ்பிடல். அதே வளாகத்தில்தான் பிள்ளைகளுக்கான ஸ்டார்ஷிப் மருத்துவமனையும் இருக்கிறது. படுக்கையில் சேராமல் நிபுணரைப் பார்த்துவிட்டு வரும் பல சந்திப்புகள் கிரீன்லேன் கிளினிக்கல் சென்டரில் நடக்கும்.

விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

இந்நாட்டுக் குடிமக்களுக்கும் ரெசிடென்ட் விசா உள்ளவர்களுக்கும் பொது மருத்துவம் உரிமை. வேலை விசாவில் வருகிறவர்களுக்கு அளவுகோல் 2 ஆண்டு. உங்கள் வேலை விசா 2 ஆண்டோ அதற்கு மேலோ இங்கே தங்க அனுமதித்தால், வந்திறங்கிய நாளிலிருந்தே தகுதி உண்டு. விசா அதைவிடக் குறுகியதாக இருந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். அதற்கு முன்பு இடைவெளி இல்லாமல் வேறு விசாவில் சட்டப்படி இங்கே இருந்த காலத்தையும் சேர்த்து 2 ஆண்டு வந்தால் போதும். படிக்க வந்து, முடித்து, வேலை விசாவுக்கு மாறிய பலர் இந்தக் கணக்கு தெரியாமல் வெளியாள் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நம் குடும்பங்கள் தடுமாறுவது அடுத்த இடத்தில். கணவனுக்குத் தகுதி இருப்பதால் மனைவிக்கும் தானாக வந்துவிடாது. மனைவியின் விசாவால் கணவனுக்கும் வராது. ஒவ்வொருவரும் தம் சொந்த விசாவின் பேரில்தான் தகுதி பெற வேண்டும். பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு: 18 வயது நிரம்பாத பிள்ளை, தகுதியுள்ள தாய் அல்லது தந்தையின் பொறுப்பில் இருந்தால் அதற்கும் தகுதி உண்டு. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கணவருக்கு 3 ஆண்டு வேலை விசா. மனைவி அவசரத்தில் வருகையாளர் விசாவில் கூடவே வந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். இந்த வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவம் உண்டு, அம்மாவுக்கு இல்லை. அவருக்கு நாளை குடல்வால் அழற்சி வந்தால் ஆஸ்பத்திரி நிச்சயம் சிகிச்சை தரும், ஆனால் பில் வீட்டுக்கு வரும். அது ஆயிரக்கணக்கான டாலர். அந்தக் குடும்பத்தில் காப்பீடு உடனே தேவைப்படுகிறவர் அவர் ஒருவர்தான். சம்பாதிக்கிறவருக்கே முதலில் பாலிசி எடுப்பது நம் வழக்கம் என்பதால், நிஜத்தில் இது தலைகீழாகவே நடக்கிறது.

மாணவர் விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாகத் தகுதி இல்லை. அவர்கள் காப்பீடு வைத்திருப்பது கட்டாயம், அதைக் கல்வி நிறுவனமே கேட்டு வாங்கும். யூனிடெக்கில் படிக்க வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் குடும்பத்தோடு தங்குகிறவர்கள், மாணவருக்கு வாங்கிய பாலிசி துணைவரையும் பிள்ளைகளையும் சேர்த்ததா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சேர்த்திருக்காது. ஆஸ்திரேலியாவோடும் பிரிட்டனோடும் நியூசிலாந்துக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் உண்டு. இந்தியாவோடும் இலங்கையோடும் இல்லை.

ஜிபியிடம் பதிவு

தகுதி உறுதியானதும், வீட்டுக்கு மின்இணைப்பு வாங்குகிற அதே வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வது. இங்கே அவரை ஜிபி என்பார்கள். பதிவு என்பது ஒரு படிவம், பாஸ்போர்ட், விசா நகல், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். கைக்குழந்தைக்கும்தான்.

பதிவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பதிவு செய்த ஒவ்வொரு நபருக்காகவும் அரசு அந்த கிளினிக்குக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் தருகிறது. அதனால்தான் பதிவு செய்தவர் கட்டுவது குறைவு. பதிவு செய்யாமல் போகிறவரை கேஷுவல் நோயாளி என்பார்கள். அவர் கட்டணம் கணிசமாகக் கூடும். பதிவு செய்த பெரியவர்களுக்குக்கூட ஆக்லாந்தின் பல கிளினிக்குகளில் ஐம்பது டாலருக்குக் குறையாது. ஒவ்வொரு கிளினிக்கும் தன் கட்டணத்தைத் தானே வைக்கிறது. அதைச் சுவரிலும் இணையதளத்திலும் போட்டிருப்பார்கள். நியூ நார்த் ரோட்டில் இருப்பதற்கும் சாண்ட்ரிங்ஹாமில் இருப்பதற்கும் விலை வேறாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. டாக்டர்கள் பற்றாக்குறையால் பல கிளினிக்குகள் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. "புக்ஸ் க்ளோஸ்ட்" என்பார்கள். ஹெல்த்பாயிண்ட் இணையதளத்தில் எந்தக் கிளினிக் புதியவர்களை எடுக்கிறது என்று பகுதிவாரியாகப் பார்க்கலாம். மவுண்ட் ஆல்பர்ட்டில் இடமில்லை என்றால் கிங்ஸ்லாண்ட், சாண்ட்ரிங்ஹாம், அவான்டேல், பாயிண்ட் செவாலியர் என்று பக்கத்துப் பகுதிகளிலும் தேடுங்கள். வீட்டுக்கு அருகேதான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. உடம்பு சரியில்லாத அன்று டாக்டரைத் தேடுவது இந்த ஊரில் நடக்காத காரியம்.

பதிவு செய்ததும் உங்களுக்கு ஓர் எண் உறுதியாகும். என்எச்ஐ எண் என்பார்கள். எழுத்தும் இலக்கமும் கலந்து ஏழு குறிகள். ஆஸ்பத்திரி, லேப், மருந்துக் கடை எல்லாம் உங்களை இந்த எண்ணைக் கொண்டுதான் அடையாளம் காணும். குடும்பத்தில் எல்லோருடையதையும் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றில் வேறு விதமாகவும் பெயர் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. முதலெழுத்து முன்னே, அப்பா பெயர் பின்னே என்று மாறிவிடும். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு என்எச்ஐ எண் உருவாகிவிட வாய்ப்பு இருக்கிறது. எங்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள்.

பணக் கணக்கில் சில நல்ல செய்திகள். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு, இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள கிளினிக்குகளில் ஜிபியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 2018 டிசம்பரிலிருந்து இந்த வயது வரம்பு. பெரும்பாலான கிளினிக்குகள் சேர்ந்திருக்கின்றன. அரசு மானியம் உள்ள மருந்து ஒன்றுக்கு 5 டாலர். மருந்தின் அசல் விலை ஐநூறு டாலராக இருந்தாலும் அதே 5 டாலர்தான். 14 வயதுக்கு உட்பட்டவர்களும் 65 வயதைத் தொட்டவர்களும் அதைக்கூடக் கட்ட வேண்டாம். ஓராண்டில் ஒரு குடும்பம் 20 மருந்துகளுக்கு இப்படிக் கட்டிவிட்டால் அந்த ஆண்டின் மிச்சத்துக்குக் கட்டணமே இல்லை. இந்த ஆண்டுக்கணக்கு பிப்ரவரி 1 அன்று தொடங்குகிறது. குடும்பம் முழுவதும் ஒரே மருந்துக் கடைக்குப் போனால் கணக்கு விட்டுப்போகாது. எந்த மருந்துக்கு மானியம் என்பதை முடிவு செய்வது 1993இல் தொடங்கிய ஃபார்மாக் என்ற அமைப்பு. நீங்கள் நம் ஊரில் சாப்பிட்ட பிராண்டு இங்கே இருக்காது. மருந்து அதேதான், பெயர் வேறு. அதனால் மாத்திரை அட்டையைக் காட்டுவதைவிட, மூலப்பெயரும் அளவும் எழுதிய ஆங்கிலச் சீட்டே உதவும். வரும்போது உங்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை, டாக்டர் சீட்டோடு, சுங்கத்தில் அறிவித்துக் கொண்டுவரலாம். சூரணம், லேகியம், தேன் கலந்தது எதுவானாலும் அறிவிக்காமல் கொண்டுவராதீர்கள்.

டாக்டரோடு பழகும் விதமும் இங்கே வேறு. மதுரையில் நெஞ்சு வலித்தால் நேரே ஹார்ட் டாக்டரிடம் டோக்கன் போடுகிறோம். முழங்கால் வலித்தால் எலும்பு டாக்டர். இங்கே எல்லா வழியும் ஜிபி மேசையில்தான் தொடங்கும். அவர் எழுதிக் கொடுக்கும் ரெஃபரல் இல்லாமல் அரசு நிபுணரைப் பார்க்க முடியாது. ரத்தப் பரிசோதனையும் அவர் சீட்டின் பேரில்தான். சீட்டு இருந்தால் வழக்கமான பரிசோதனைகளுக்குக் காசு இல்லை. ஒரு சந்திப்பு பெரும்பாலும் 15 நிமிடம். மூன்று பிரச்சினைகள் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லி இரட்டை நேரம் கேளுங்கள். "காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன், பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்" என்ற மனக்குறை நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்பதால்தான் தருவதில்லை. அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டே எழுந்திருங்கள்.

இன்னொன்றை நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும் பரிசோதனையை நியூசிலாந்தின் வழிகாட்டுதல் தெற்காசியர்களுக்கு முன்கூட்டியே பரிந்துரைக்கிறது: ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதிலும். மற்ற பெரும்பாலோருக்கு இது 45, 55. சர்க்கரையும் இதயநோயும் நம்மிடம் இளம் வயதிலேயே வருவதால்தான் இந்த வேறுபாடு. முதல் சந்திப்பிலேயே "நாங்கள் தெற்காசியர், இந்தப் பரிசோதனை எனக்கு எப்போது?" என்று கேளுங்கள். ஐடி வேலையில் உட்கார்ந்தபடியே முப்பத்தைந்தைக் கடந்த நம் தம்பிகள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

விபத்து என்றால் கணக்கே வேறு

நியூசிலாந்தில் உலகமே வியக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஏசிசி. நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விபத்தில் காயப்பட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏசிசி ஏற்கும். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாலும், வேலையிடத்தில் கை நசுங்கினாலும், கிரிக்கெட்டில் பல் உடைந்தாலும் உண்டு. விசா கேள்வி இங்கே எழாது. நேற்று விமானத்தில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிக்கும் இந்தச் சிகிச்சை உண்டு. இங்கே சம்பாதிக்கிறவர் காயத்தால் வேலைக்குப் போக முடியாவிட்டால், முதல் வாரம் கழித்து, சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். பதிலாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் எடுத்துவிட்டது.

இதற்கான பணம் உங்கள் சம்பளத்தில் வரியோடு பிடிக்கும் லெவி, முதலாளி கட்டும் லெவி, பெட்ரோல் விலை, வண்டிப் பதிவுக் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதாவது நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் காப்பீடு இது. காயத்தோடு டாக்டரிடம் போனால் அவரே படிவத்தை அனுப்பிவிடுவார். பிசியோதெரபிஸ்டிடம் நேராகவே போகலாம், ரெஃபரல் வேண்டாம். கிளினிக்கில் ஒரு சிறு தொகை கேட்பார்கள், அது வழக்கம்தான். ஏசிசி நோய்க்குப் பொருந்தாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கீழே விழுந்து இடுப்பு முறிந்தால் ஏசிசி. தேய்மானத்தால் இடுப்பு வலித்தால் இல்லை.

ஆம்புலன்சுக்கு 111. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் விசாவையும் பில்லையும் யோசிக்காதீர்கள், கூப்பிடுங்கள். ஆக்லாந்தில் வருவது ஹாட்டோ ஹோனே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். நோய்க்காக வந்தால் ஒரு பங்குக் கட்டணம் உண்டு. விபத்தென்றால் ஏசிசி பார்த்துக்கொள்ளும். ஆபத்து இல்லாத அவசரத்துக்கு, இரவு ஏழு மணிக்குப் பிள்ளைக்குக் காது வலி என்பதுபோல் வந்தால், கிராஃப்டன் அவசரப் பிரிவுக்குப் போய் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். செயின்ட் லூக்ஸ் சாலையில் ஒயிட் கிராஸ் அவசர மருத்துவ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கட்டணம் ஜிபியைவிடக் கூடுதல். அது எதுவரை திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்படியானால் தனியார் காப்பீடு எதற்கு?

காத்திருப்புக்கு. உயிர்போகும் நோய்க்கு அரசு மருத்துவமனை உடனே கவனிக்கும். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று, பித்தப்பைக் கல் என்று உடனடி ஆபத்து இல்லாதவற்றுக்கு வரிசை நீளம். நிபுணரை முதல்முறை பார்க்க நான்கு மாதம், அதன் பிறகு சிகிச்சைக்கு நான்கு மாதம் என்பதுதான் அரசு 2024இல் அறிவித்த இலக்கு. நூற்றுக்கு 95 பேருக்கு அதை எட்ட வேண்டும் என்பது நோக்கம். நடைமுறை அதற்கு வெகு பின்னால் நிற்கிறது. இலக்கே எட்டு மாதம் என்றால், வலியோடு வேலைக்குப் போகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த வரிசையைத் தாண்டித் தனியார் மருத்துவமனையில் சில வாரங்களில் அறுவை செய்துகொள்ளத்தான் பாலிசி. ஃபார்மாக் மானியம் தராத விலையுயர்ந்த புற்றுநோய் மருந்துகளுக்குக் காப்பு தரும் பிரிவு அதில் இருந்தால் அதற்கும் உதவும். இந்தப் பிரிவு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். என் கணிப்பில் பாலிசியின் மிகப் பெறுமதியான பகுதி அதுதான்.

நம் ஊர் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு கிடையாது. மாரடைப்பு வந்தால் பாலிசி வைத்திருக்கும் கோடீஸ்வரரும் அரசு மருத்துவமனைக்குத்தான் போவார். வழக்கமான ஜிபி கட்டணத்தையும் சாதாரண பாலிசி தராது. அதற்குத் தனிப் பிரிவு, தனிப் பிரீமியம். இன்னொரு முக்கியமான சங்கதி: நீண்டகால ஹெல்த் பாலிசி தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவத்துக்குத் தகுதி உள்ளவர்களுக்கே தருகின்றன. தகுதி இல்லாதவருக்கு வேண்டியது வருகையாளர் காப்பீடு. அது வேறு பொருள், வேறு விதிகள்.

1961இல் தொடங்கிய சதர்ன் கிராஸ்தான் இங்கே பெரியது; நிப், ஏஐஏ, பார்ட்னர்ஸ் லைஃப், யூனிமெட் ஆகியவையும் உண்டு. யாரிடம் போனாலும் ஏற்கெனவே உள்ள நோய் என்ற கேள்வி வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பத்தாண்டுக்கு முன் செய்த அறுவை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி, கிளெய்ம் நேரத்தில் வெறும் காகிதம். பணம் தரும் முன் ஜிபி குறிப்புகளை அவர்கள் வரவழைத்துப் படிக்கலாம். சில நோய்களை நிரந்தரமாக விலக்குவார்கள், சிலவற்றைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ப்பார்கள். ஆகவே பாலிசி தேடும் முன் உங்கள் நிறுவனத்தின் எச்ஆர் பிரிவில் குழுக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். சில குழுத் திட்டங்களில், சேர்ந்த சில வாரங்களுக்குள் விண்ணப்பித்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்பு கிடைக்கும். அந்தக் கெடு தாண்டிவிட்டால் மறுபடி கிடைக்காது. பிரீமியம் வயதோடு ஏறும், அண்மை ஆண்டுகளில் வேகமாகவே ஏறுகிறது. எக்ஸஸ் என்ற, முதலில் நீங்கள் கட்டும் தொகையை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும். நிறுவனத்தோடு தகராறு வந்தால் காப்பீட்டு ஒம்புட்ஸ்மன் இலவசமாக விசாரிப்பார்.

முப்பது வயதில், நல்ல உடல்நலத்தோடு, ரெசிடென்ட் விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பம் முதல் ஆண்டிலேயே பெரிய பாலிசி எடுத்தாக வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் பற்களைச் சரிசெய்யலாம்.

பல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெரியவர்களின் பல் மருத்துவத்துக்கு அரசு பெரும்பாலும் ஒன்றும் தருவதில்லை. ஒரு ரூட் கெனால் செலவில் ஊருக்கு விமான டிக்கெட் எடுத்துவிடலாம். வரும் முன்பே பல், கண்ணாடி இரண்டையும் ஊரில் முடித்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு 18 வயது வரை அடிப்படைப் பல் சிகிச்சை இலவசம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். 0800 825 583 என்ற எண்ணில் கூப்பிட்டால் போதும்.

பிள்ளைப்பேறும் தடுப்பூசியும்

கருத்தரித்தது தெரிந்தவுடன் இங்கே தேட வேண்டியது மிட்வைஃபை. பரிசோதனை, பிரசவம், பிறந்த பிறகு வீட்டுக்கு வந்து ஆறு வாரம் வரை தாயையும் சேயையும் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சிக்கல் வந்தால் ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்புவார். தகுதி உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. டாக்டர் இல்லாமலேயே மிட்வைஃப் தன் பொறுப்பில் பிரசவம் பார்க்கலாம் என்று சட்டம் வந்தது 1990இல். அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் ஹெலன் கிளார்க், 1981 முதல் 2009 வரை இதே மவுண்ட் ஆல்பர்ட் பகுதியின் எம்.பி. பின்னாளில் பிரதமரானவர். நல்ல மிட்வைஃப்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவார்கள், ஐந்தாறு வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள். மனைவிக்குத் தகுதி இல்லாவிட்டாலும் கணவருக்கு இருந்தால் மகப்பேறு சேவைக்குத் தனி விதி உண்டு. பில் வரும் என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் மிட்வைஃபிடம் விசாவைக் காட்டிக் கேளுங்கள்.

தடுப்பூசி, 18 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் விசா பார்க்காமல் இலவசம். இந்திய அட்டவணையும் இங்குள்ளதும் ஒன்றல்ல. நம் ஊரில் 6, 10, 14 வாரம். இங்கே 6 வாரம், 3 மாதம், 5 மாதம். தட்டம்மை ஊசி இங்கே 12, 15 மாதங்களில். ஊர் அட்டையை மறக்காமல் கொண்டுவந்து நர்சிடம் காட்டுங்கள், விடுபட்டதை அவரே கணக்கிட்டுப் போடுவார். 2019இல் ஆக்லாந்தில் தட்டம்மை பரவியதை நினைத்தால் இது தள்ளிப்போடக் கூடிய வேலை அல்ல.

மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மர வீடுகள் அழகானவை, ஆனால் குளிர்காலத்தில் ஈரம் ஏறும். பூஞ்சை பிடித்த அறையில் படுக்கும் பிள்ளைக்கு இளைப்பு வருவது இங்கே சாதாரணம். வாடகை வீட்டின் முக்கிய அறையை 18 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட்டர், குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன், காற்றோட்டம் எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்கும் இது கட்டாயம். இருமல் மருந்து வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

மனச்சோர்வையும் நோயாக எண்ணிச் சொல்ல வேண்டும். யூனிடெக் வளாகத்தின் பழைய செங்கல் கட்டிடம் 1867இல் மனநல மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது, 1992இல் மூடப்பட்டது. இன்று அந்த உதவி ஜிபி அறையிலேயே தொடங்குகிறது. வேலை விசா கிடைக்காமல், அண்டை அயலில் பேச ஆளில்லாமல், நாள் முழுதும் வீட்டில் இருக்கும் பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. 1737 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், காசு இல்லை.

அப்பா அம்மா வரும்போது

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு அரசு மருத்துவம் இல்லை. விபத்துக்கு மட்டும் ஏசிசி. அறுபதைக் கடந்த, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அவர்கள். குடும்பத்திலேயே பெரிய பண ஆபத்து அவர்கள் வருகையில்தான் இருக்கிறது. இந்தியாவில் வாங்கும் பயணக் காப்பீடுகளில், வயது கூடக் கூட ஒவ்வொரு சிகிச்சைக்கும் உள்வரம்பு போட்டிருப்பார்கள். மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும், இதய அறுவைக்கு அதில் சிறு பங்குதான் தருவார்கள். பழைய நோயால் வரும் திடீர் அவசரத்துக்குக் காப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பரில் திறந்த, 5 ஆண்டு வரை செல்லும் பெற்றோருக்கான புதிய வருகையாளர் விசாவில், அவசர மருத்துவத்துக்குக் குறைந்தது 2,50,000 டாலர் காப்பீடு கட்டாயம். சாதாரண வருகையாளர் விசாவில் வருகிறவர்களுக்கு எவ்வளவு எடுப்பது என்று யோசிக்கிறவர்கள் இந்த எண்ணையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு உரிமை இருக்கிறது. 1996 முதல் நடைமுறையில் உள்ள நோயாளர் உரிமைச் சட்டகத்தில் பத்து உரிமைகள். புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும், தேவையும் வாய்ப்பும் இருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பெறுவதும், துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதும் அவற்றில் அடக்கம். ஆக்லாந்தின் பழைய நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் பெண்களுக்குத் தெரிவிக்காமல் நடந்த ஆய்வைப் பற்றிய கார்ட்ரைட் விசாரணையின் விளைவாகவே இந்த உரிமைகள் வந்தன. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து அம்மாவின் நோயைப் பேச வேண்டாம். சந்திப்பை உறுதி செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு, போவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கும்போது ஹெல்த்லைன்: 0800 611 116. 24 மணி நேரமும் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். இதை வாசிக்கும்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களின் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள்.